மறு: டவுன்டைம் – ‘செயலிழப்பு நேரம்’ போதுமா?

> ‘செயலிழப்பு நேரம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கங்க. நம் கலைச்சொல் பட்டியலில் ‘டவுன்டைம்’, அதாவது கணினியோ அதை நம்பிய வேலையோ ஓடாமல் நிற்கும் நேரம், அதற்கு எந்தத் தமிழ்ச் சொல் என்பதுதானே பேச்சு. சர்வர் பழுதாகி நின்றால் ‘செயலிழப்பு நேரம்’ சரிதான். ரேன்சம்வேர், அதாவது கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டு மிரட்டும் நிரல், அந்த விஷயத்தில்தான் இடிக்கிறது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைனில் எண்ணெய்க் குழாய் எதுவும் கெட்டுப்போகவில்லை. அலுவலகக் கணினிகளில் புகுந்த ரேன்சம்வேர் குழாயை இயக்கும் பக்கமும் பரவிவிடுமோ என்று பயந்து அவர்களே நிறுத்தினார்கள், ஐந்து நாள் போல ஓட்டமே இல்லை. இதில் எது செயலிழந்தது?

அண்ணன் ஒருவர் ‘பணிமுடக்கம்’ என்று எழுதியிருந்தார். பொருள் நன்றாக இருக்கிறது, ஆனால் கோயம்புத்தூரிலிருந்து வாளையார் தாண்டினாலே பணிமுடக்கு என்றால் ஸ்டிரைக்! பாலக்காட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருபவரிடம் சொன்னால் எந்தச் சங்கம் என்று கேட்பார்.

என் ஓட்டு ‘முடக்கக் காலம்’. தானாக முடங்கினாலும் நாமே முடக்கினாலும் பொருந்தும்.

அப்புறம், அது எப்போது முடிகிறது என்பதும் விளக்கத்தில் வர வேண்டும், சர்வர் எழுந்ததும் முடிந்துவிடுவதில்லை. 2022 நவம்பரில் இப்படி ஒரு தாக்குதலுக்குப் பிறகு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை இரண்டு வாரம் போலக் கையால் எழுதித்தான் ஓடியது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் பூட்டிக்கிடந்தால் பெட்டி கட்டி அடுக்கிய சரக்கைக்கூடத் தூத்துக்குடிக்கு ஏற்றிவிட முடியாது. கப்பல் போய்விட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான், அந்த வாடகை கம்பெனி தலையில் விழும், அதற்குள் சர்வர் ஒழுங்காக ஓட ஆரம்பித்திருக்கும். ஆகவே வேலை பழையபடி சீராகும் வரை என்று எழுதலாம்.

இந்த மாதிரித் தாக்குதலால் ஆகும் செலவுக்கு யாரோ ‘இழப்பீடு’ போட்டிருக்கிறார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள், அது நமக்கு வர வேண்டிய காசு. மிரட்டிக் கேட்பது பணயத் தொகை, சரிசெய்ய ஆவது மீட்புச் செலவு, தொழில் நின்றதால் போவது முடக்க நட்டம். இந்த மூன்றையும் கலக்கக் கூடாது. 2019இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சியிடம் ரேன்சம்வேர் ஆட்கள் கேட்டது சுமார் 76,000 டாலர். கொடுக்க மறுத்தார்கள். தாக்குதலால் ஆனதாக நகராட்சி போட்ட கணக்கு 1.8 கோடி டாலருக்கு மேல் வந்தது, அதில் ஏறத்தாழ 80 லட்சம் வரவேண்டிய வருமானம் வராமலோ தள்ளிப்போயோ ஆனது. ஒரே சொல்லில் அடக்கினால் இந்த 80 லட்சம் கண்ணுக்கே தெரியாது.

‘நட்டமா’ ‘நஷ்டமா’ என்பதை ஆசிரியர் குழு பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு எதுவானாலும் சரிங்க.