உயிரி வங்கிக்கான இரத்த மாதிரிகள்: சீரமா, பிளாஸ்மாவா?

கேள்வி:
உயிர்க்குறிப்பான் (உடல்நிலையையோ நோயையோ காட்டும், அளக்கத்தக்க பொருள்) ஆய்வுக்காக இரத்த மாதிரிகளை உயிரி வங்கியில், அதாவது மாதிரிகளைப் பாதுகாக்கும் சேமிப்பகத்தில், சேமிக்கத் திட்டமிடுகிறோம். எதை அளக்கப்போகிறோம் என்பது இன்னும் முடிவாகாத நிலையில், சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்), பிளாஸ்மா (உறையவிடாமல் செல்களை நீக்கிப் பிரித்த திரவம்) இரண்டில் எதைத் தேர்வது நல்லது?

முதல் பதில்:
இயன்றால் இரண்டையும் எடுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் ஈடிடிஏ (இரத்தம் உறைவதைத் தடுக்கும் வேதிப்பொருள்) உள்ள குழாயில் எடுத்த பிளாஸ்மாவே என் தேர்வு. சீரத்துக்காக இரத்தத்தை உறையவிடும்போது தட்டணுக்கள் விஇஜிஎஃப் (இரத்தநாள வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) போன்ற புரதங்களை வெளிவிடுவதால், அளவீடு உடல்நிலையைக் காட்டுகிறதா, குழாய்க்குள் நிகழ்ந்ததைக் காட்டுகிறதா என்று பிரித்தறிவது கடினம். ஹெப்பாரின் என்ற மற்றோர் உறைதடுப்பான் உள்ள குழாய் வேண்டாம். அது டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுக்கும்.

இரண்டாம் பதில்:
குழாயைவிட நேரமே பெரிய சிக்கல் என்பேன். பிரிக்காமல் அறை வெப்பநிலையில் வைத்த இரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தொடர்ந்து செலவழிக்கும். நேரம் செல்லச் செல்ல வெள்ளணுக்கள் சிதைந்து, தம் டிஎன்ஏவைப் பிளாஸ்மாவில் கலந்துவிடும். நோயாளிகளின் மாதிரிகள் உடனுக்குடன் பிரிக்கப்பட்டு, ஒப்பீட்டுக் குழுவினருடையவை மாலையில்தான் ஆய்வகத்தை அடைகின்றன என்றால், நீங்கள் கண்டறியப்போவது நோயின் குறிப்பானை அல்ல, தாமதத்தின் குறிப்பானைத்தான். எடுத்த நேரம், பிரித்த நேரம், குளிரூட்டி உறையவைத்த நேரம் மூன்றையும் ஒவ்வொரு மாதிரிக்கும் பதிவுசெய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சேமிக்கும்போது ஒரே குப்பியில் வைக்கலாமா?

முதல் பதிலளித்தவர்:
கூடாது. சிறு குப்பிகளாகப் பிரித்து -80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒவ்வொரு முறை உருக்கி உறையவைக்கும்போதும் சில புரதங்கள் சிதையும். பாதிக் குப்பிகளை வேறொரு உறைபெட்டியில் வைப்பதும் நல்லது.