புதுப்பிப்பு: மூன்று கன்சர்டினாவும் ஒன்றாகக் கேட்க ஆரம்பித்துவிட்டன

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பப்பில் நடக்கும் ஆங்கிலேய நாட்டுப்புற இசைக்கூடலில் நானும் இன்னும் இருவரும் கன்சர்டினா (இரு கைகளாலும் பிடித்து, நடுவிலுள்ள துருத்தியை அழுத்தியும் இழுத்தும் பொத்தான்களால் வாசிக்கும் சிறு கருவி) வாசிக்கிறோம், மெட்டு ஒன்றுதான், ஆனாலும் என் வாசிப்பு மட்டும் ஒட்டாமல் மிதக்கிறது என்று. நேற்று விடை கிடைத்தது.

அவர்கள் இருவரிடமும் இருப்பது ஆங்கிலோ வகை. அதில் ஒரே பொத்தான் துருத்தியை அழுத்தினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம் தரும். அதனால் மெட்டு நகர நகரத் துருத்தி திசை மாறியே ஆக வேண்டும், மோரிஸ் என்ற ஆங்கிலேய நாட்டுப்புற ஆட்டத்துக்கு அது அவ்வளவு பொருந்துவது, திசை மாறும்போது இசையில் விழும் அந்த வெட்டினால்தான். என்னுடையது இங்கிலிஷ் வகை, வீட்ஸ்டோன் உருவாக்கியது. பள்ளி இயற்பியலில் வீட்ஸ்டோன் சமனச்சுற்று படித்தோமே, அவரேதான். இதில் அழுத்தினாலும் இழுத்தாலும் அதே சுரம், அதனால் நான் துருத்தி முழுதாக விரியும்வரை இழுத்துக்கொண்டே போயிருக்கிறேன், அவர்களுடைய வெட்டு என் வாசிப்பில் விழவே இல்லை.

அந்த இருவரில் எதிரே இருந்த பெரியவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "என் விரலைப் பார்க்காதே, துருத்தியின் மடிப்பைப் பார்" என்றார். சரி என்று அவர் திருப்பும் இடத்தில் எல்லாம் நானும் திருப்பினேன், கொஞ்சமாகத்தான் விரித்தேன். கட்டைவிரல் வார் இறுகி வலித்தது, ஆனால் இரண்டாம் சுற்றிலேயே மூன்றும் ஒரே மூச்சாக ஒலித்தது! அப்புறம் அவர் மெட்டை எங்களிடம் விட்டுவிட்டு இடக்கையில் கீழ்ச்சுரங்களை மட்டும் வாசித்தார், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அடுத்த வாரம் கீழ்ச்சுரம் என் முறை.