தமிழ் இருக்கைக்குக் கொடுத்த நூறு டாலரும் ஹார்வர்டின் எண்ணெய்ப் பங்குகளும்

வேலவன், பாஸ்டன்:

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டப்பட்டபோது, 2017இல் நானும் நூறு டாலர் அனுப்பினேன். அந்த ரசீதை அச்செடுத்து அப்பாவின் படத்துக்குக் கீழே உள்ள இழுப்பறையில் இன்றும் வைத்திருக்கிறேன். இருக்கைக்குக் கொடுக்கும் பணம் செலவாகிவிடுவதில்லை. அது பல்கலைக்கழகத்தின் நிலைவைப்பு நிதியில் சேர்ந்து, மற்ற நன்கொடைகளோடு கலந்து முதலீடு செய்யப்படுகிறது. அதில் வரும் வருமானத்தைக் கொண்டுதான் இருக்கை நடக்கிறது. அந்தப் பணம் எந்தத் தொழிலில் போடப்படுகிறது என்று நான் அன்று கேட்கவில்லை.

கேட்டவர்கள் அங்கே படித்த மாணவர்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று 2012இல் அவர்கள் கிளர்ந்தபோது, மாணவர் வாக்கெடுப்பில் 72 விழுக்காட்டினர் ஆதரித்தனர். நிலைவைப்பு நிதி கல்விக்கானதே தவிர அரசியல் மாற்றத்துக்கான கருவியன்று என்று 2013இல் அன்றைய தலைவர் டுரூ ஃபாஸ்ட் மறுத்தார். இத்தனைக்கும் 1990இலேயே புகையிலை நிறுவனப் பங்குகளை விற்ற பல்கலைக்கழகம் அது. 2019 நவம்பரில் ஹார்வர்டு, யேல் அணிகளின் அமெரிக்கக் கால்பந்தாட்ட இடைவேளையில் இரு பல்கலைக்கழக மாணவர்களும் மைதானத்தின் நடுவே அமர்ந்துகொண்டார்கள். ஆட்டம் அரைமணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போனது. விளக்குகள் இல்லாத அந்த மைதானத்தில் கடைசிப் பந்துகள் ஏறக்குறைய இருட்டில் வீசப்பட்டன. அடுத்த பிப்ரவரியில் கலை அறிவியல் புல ஆசிரியர்கள் 179க்கு 20 என்ற கணக்கில் மாணவர் பக்கம் வாக்களித்தனர். 2021 செப்டம்பரில், இத்துறையில் நேரடி முதலீடு ஏதுமில்லை, இனிச் செய்யும் எண்ணமும் இல்லை, தனியார் நிதியங்கள் வழியாக எஞ்சியிருப்பது நிதியில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு, அதுவும் காலப்போக்கில் கரைந்துவிடும் என்று தலைவர் லாரன்ஸ் பேக்கோ அறிவித்தார். ஒன்பது ஆண்டுப் பொறுமைக்குக் கிடைத்த உண்மையான வெற்றி இது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்காயர்:

முப்பது ஆண்டுகளாகத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். மாணவர்களின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். அவர்கள் தேர்ந்த வழியைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் ஒரு பங்கை விற்றால் அதை வாங்க ஒருவர் இருந்தாக வேண்டும். பணம் எனக்கும் அவருக்கும் இடையே கைமாறுகிறதே ஒழிய, எண்ணெய்க் கிணற்றின் குழாய் ஒரு திருகுகூட மூடப்படுவதில்லை. புவி வெப்பமடைவதைப் பற்றிக் கவலைப்படுபவர் வெளியேற, அதைப் பற்றிக் கவலையே இல்லாதவர் அந்த நாற்காலியில் உட்காருகிறார். மேலும், சவூதி அராம்கோவின் மிகப் பெரும்பங்கு அந்நாட்டு அரசிடமும், கோல் இந்தியாவின் ஏறத்தாழ 63 விழுக்காடு நம் அரசிடமும் இருக்கின்றன. பாஸ்டனில் விற்கும் பங்கு இவற்றை எப்படித் தொடும்?

வருமானத்தையும் பாருங்கள். 2022இல் அமெரிக்கப் பங்குச் சந்தையின் எஸ் அண்டு பி 500 குறியீடு ஏறக்குறைய 19 விழுக்காடு சரிந்தபோது, அதே குறியீட்டின் ஆற்றல் துறைப் பங்குகள் 50 விழுக்காட்டுக்கு மேல் ஏறின. அவற்றை விற்றுவிட்ட பல்கலைக்கழகத்துக்கு வரும் இழப்பு உதவித்தொகையில் படிக்கும் பிள்ளையின் தலையில்தானே விழும்?

உள்ளே இருந்து போராடுவதற்குச் சான்று இருக்கிறது. எக்ஸான் மோபில் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தில் 0.02 விழுக்காடு பங்கு மட்டுமே வைத்திருந்த எஞ்சின் நம்பர் ஒன் என்ற சிறு நிதியம், 2021இல் மற்ற பங்குதாரர்களின் வாக்கைத் திரட்டி, இயக்குநர் குழுவில் மூன்று இடங்களைப் பிடித்தது. பங்கை விற்றுவிட்டு வெளியே நிற்பவருக்கு அந்த வாக்கு கிடையாது.

கயல், பிரிஸ்பேன்:

கணக்காயர் ஐயா, பங்கு கைமாறுவதைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த இயக்கம் பங்குச் சந்தையோடு நின்றுவிடவில்லை. புதிய சுரங்கம் தோண்ட வேண்டுமென்றால் புதுக் கடன் வேண்டும், காப்பீடு வேண்டும். அந்தக் கதவுகளைத் தட்டியவர்களும் இதே பிரச்சாரக் குழுக்கள்தான். நான் வாழும் குயின்ஸ்லாந்தில் அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

கலிலீ படுகையில் அதானி குழுமம் திட்டமிட்ட கார்மைக்கேல் சுரங்கம், தொடக்கத்தில் ஆண்டுக்கு 6 கோடி டன் நிலக்கரி எடுப்பதாகவும், 1,650 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவாகும் என்றும் அறிவிக்கப்பட்டது. 2014 நவம்பரில் பாரத ஸ்டேட் வங்கி 100 கோடி அமெரிக்க டாலர் வரை கடன் தருவதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அதன் பிறகு வங்கி வங்கியாகப் பிரச்சாரம் நடந்தது. வாசலில் நின்றார்கள், கணக்கை மூடினார்கள், ஆண்டுக் கூட்டங்களில் எழுந்து கேள்வி கேட்டார்கள். 2015இல் காமன்வெல்த் வங்கி ஆலோசகர் பொறுப்பிலிருந்து விலகியது. நேஷனல் ஆஸ்திரேலியா வங்கி பணம் தருவதில்லை என்றது. 2017இல் வெஸ்ட்பேக்கும் கைவிரித்தது. வெளிநாட்டுப் பெருவங்கிகள் பலவும் ஒதுங்கிக்கொண்டன. முடிவில், 2018 நவம்பரில், சொந்தப் பணத்திலேயே தோண்டுவதாகவும், ஆண்டுக்கு 1 கோடி டன்னில் தொடங்குவதாகவும், செலவு 200 கோடி டாலர்தான் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. 388 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனியாகப் போடுவதாக இருந்த ரயில் பாதை, பழைய தடத்தோடு போய்ச் சேரும் 200 கிலோமீட்டராகச் சுருங்கியது.

2020 நவம்பர் 27 அன்று சிட்னி மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஒருநாள் போட்டி தொடங்கிச் சில ஓவர்களே ஆகியிருந்தன. இருவர் ஆடுகளத்துக்கு ஓடிவந்து, மீண்டும் பேச்சில் இருந்த அந்தக் கடனை ஸ்டேட் வங்கி கொடுக்கக் கூடாது என்று எழுதிய அட்டையைப் பிடித்தார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் தேநீரோடு பார்த்துக்கொண்டிருந்த என் மாமனார், ‘நம்ம பேங்க் பேரை ஏன்மா எழுதி வச்சிருக்காங்க?’ என்று கேட்டார். அவருடைய ஓய்வூதியம் வருவது அந்த வங்கிக் கணக்கில்தான். அன்றிரவு அவருக்கு இந்தக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. சுரங்கத்துக்குக் கடன் கொடுத்தால், தாங்கள் வாங்கி வைத்திருக்கும் ஸ்டேட் வங்கியின் பசுமைப் பத்திரங்களை (சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கான கடன் பத்திரங்களை) விற்றுவிடுவோம் என்று ஐரோப்பாவின் மிகப் பெரிய சொத்து மேலாண்மை நிறுவனமான அமுண்டி எச்சரித்ததும் அந்த நாட்களில்தான். விற்றுவிடுவோம் என்ற சொல்லுக்கு எங்கே கனம் இருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம்.

கணக்காயர்:

விவரமாக எழுதியதற்கு நன்றி அம்மா. ஆனால் கதையின் மீதியையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் இறுதியில் அந்தச் சுரங்கத்தின் முதல் நிலக்கரி ஏற்றுமதிக்குத் தயாராகிவிட்டது. தங்கள் நிலம் அது என்று வழக்காடிய வாங்கன், ஜகலிங்கு பழங்குடி மக்களுக்கு இழப்பு இழப்புதான். கேள்வி கேட்கக்கூடிய வங்கிகள் விலகிக்கொண்டதால், குழுமத்தின் சொந்தப் பணத்தில் வேலை முடிந்தது; நிபந்தனை விதிக்க வெளியார் எவரும் மேசையில் இல்லாமற் போனார்கள். இதை முழு வெற்றி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கயல், பிரிஸ்பேன்:

முழு வெற்றி என்று நானும் சொல்லவில்லை, ஐயா. ஆண்டுக்கு 6 கோடி டன் எங்கே, 1 கோடி டன் எங்கே? அந்த வித்தியாசம் இன்றும் மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. சந்தை நிலவரமும் அதற்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடன் கிடைத்திருந்தால் அந்த அளவுக்குச் சுருக்கியிருக்க மாட்டார்கள்.

வேலவன், பாஸ்டன்:

எக்ஸானில் மூன்று இயக்குநர்கள் மாறிய பின் நடந்ததைக் கணக்காயர் ஐயா விட்டுவிட்டார். 2023இல் அதே நிறுவனம் ஏறத்தாழ 6,000 கோடி டாலருக்கு பயனியர் என்ற எண்ணெய் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில், உமிழ்வைக் குறைக்கத் தீர்மானம் கொண்டுவந்த அர்ஜுனா கேப்பிட்டல், ஃபாலோ திஸ் ஆகிய பங்குதாரர்கள் மீதே வழக்குத் தொடுத்தது. அவர்கள் தீர்மானத்தைத் திரும்பப் பெற்ற பிறகும் அது வழக்கை விடவில்லை. உள்ளே உட்கார்ந்து பேசுகிறவருக்குக் கிடைக்கும் மரியாதை இதுவென்றால், அந்த நாற்காலியால் என்ன பயன்?

இங்கிலாந்துத் திருச்சபையின் அனுபவத்தையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் முதலில் ஐயா சொல்லும் வழியில்தான் போனார்கள். 2017இல் எக்ஸான் கூட்டத்தில் நியூயார்க் மாநில ஓய்வூதிய நிதியோடு சேர்ந்து கொண்டுவந்த தீர்மானத்துக்கு 62 விழுக்காடு வாக்கும் பெற்றார்கள். பல ஆண்டுகள் பேசிப் பார்த்து, 2023 ஜூனில் ஷெல், பிபி உட்பட எஞ்சியிருந்த எண்ணெய் நிறுவனங்களை விலக்குவதாக அறிவித்தார்கள். போய்விடுவான் என்ற அச்சம் எதிராளிக்கு இருந்தால்தான் பேச்சுவார்த்தையில் வலு இருக்கும்.

முத்துச்செல்வம்:

நான் நிலக்கரி இறங்கும் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவன். காலையில் அம்மா திண்ணையைத் துடைத்தால் துணி கறுத்துவிடும். அதே நிலக்கரியை இறக்கிய கூலியில்தான் நாங்கள் படித்தோம். அதனால் இரண்டு பக்கமும் எனக்கு வலிக்கிறது. விலக்கிய பணம் எங்கே போகிறது என்று இங்கே இதுவரை எவரும் கேட்கவில்லையே? எண்ணெயிலிருந்து எடுத்த பணத்தை அமெரிக்க மென்பொருள் பங்கில் போட்டால், எங்கள் ஊரில் காற்றாலையோ சூரிய மின்சாரமோ ஒரு யூனிட்கூடக் கூடாது. இங்கே அந்தத் திட்டங்களுக்கு வட்டி அதிகம். ஒரு நூற்றாண்டாக எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகளின் பல்கலைக்கழகங்கள், விலக்கும் தொகையில் ஒரு பகுதியையாவது குறைந்த வட்டியில் இங்கே போடட்டும் என்று அந்தக் குழுக்கள் கோரினால், என் அப்பாவையே அழைத்துக்கொண்டு போய்க் கையெழுத்திடுவேன்.

கணக்காயர்:

தம்பி கேட்டதுதான் இவ்விழையில் எனக்குப் பதில் தெரியாத கேள்வி. வட்டி விஷயத்தில் அவர் சொல்வது என் தொழில் அனுபவத்தோடும் ஒத்துப்போகிறது.

ஏற்கெனவே சந்தையில் உள்ள பங்கை விற்பதால் பயனில்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. வாக்கோடு உள்ளே இருக்கலாம். ஆனால் புதிதாக வெளியிடப்படும் கடன் பத்திரம் வேறு வகை என்பதைக் கயல் அம்மா எழுதியதைப் படித்தபோது ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அங்கே நான் கொடுக்கும் பணம் இன்னொரு முதலீட்டாளரிடம் போவதில்லை, நேரே சுரங்கத்துக்குப் போகிறது. நான் ஆலோசகராக இருக்கும் ஒரு சிறிய சேமநிதியின் குழு அடுத்த மாதம் கூடுகிறது. இருக்கும் பங்குகளை விற்கும் யோசனை வந்தால் எதிர்த்தே பேசுவேன். புதிய நிலக்கரித் திட்டங்களின் பத்திரங்களை இனி வாங்குவதில்லை என்ற தீர்மானத்தை நானே எழுதிக் கொண்டுபோகிறேன். எழுதி முடித்ததும் வாசகத்தை இங்கே இடுகிறேன். கயல் அம்மாவும் வேலவனும் திருத்திக் கொடுங்கள்.