டிரம்பெட்: இரண்டு மாதமாகியும் மேல் ஷட்ஜம் எட்டவில்லை, உதட்டில் வளையத் தழும்பு

காட்பாடி வாசி:

வணக்கம். எனக்கு வயது 31. எங்கள் சபைப் பாடகர் குழுவோடு ஈஸ்டர் அன்று டிரம்பெட் ஊத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பேண்டு செட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம், மீரட்டில் செய்த பழைய பி-பிளாட் டிரம்பெட் ஒன்றை நவம்பரில் வாங்கினேன். மவுத்பீஸ் 7சி அளவு. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாலாற்று மணலுக்குப் போய் ஒரு மணி நேரம் ஊதுகிறேன்.

கீழ் 'ச', அதற்கு மேல் 'ப' இரண்டும் வருகின்றன. மேல் 'ச'வுக்குப் போனால் கருவியை உதட்டில் அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தினால் ஒரு கீச்சொலி, பிறகு வெறும் காற்று. பத்து நிமிடத்தில் உதடு மரத்துப்போகிறது. சிவந்த வளையம் மதியம் வரை மறைவதில்லை. கீழ்ச் சுரங்களிலும் காற்றுச் சத்தம் கலந்தே வருகிறது. இரண்டாவது வால்வு காலையில் அமுக்கினால் மேலே எழும்புவதில்லை, மாலையில் வீட்டில் எடுத்துப் பார்த்தால் நன்றாக ஓடுகிறது. போதாததற்கு, என் 'சி'யும் கீபோர்டின் 'சி'யும் ஒத்துப்போகவே இல்லை. குறை கருவியிலா, என்னிடமா?

ஆற்காடு ரசிகன்:

உதட்டுக்குப் பலம் போதவில்லை. ஒரு மணி நேரத்தை இரண்டு மணி நேரமாக்குங்கள். வலித்தாலும் விடாதீர்கள், தானாகப் பழகிவிடும்.

குடியாத்தம் பேண்டுக்காரர்:

தம்பி, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஊர்வலத்தில் ஊதியவன் சொல்கிறேன். வலிக்க வலிக்க ஊதி, நாற்பது வயதிலேயே ஊத முடியாமல் போனவர்களை என் செட்டிலேயே பார்த்திருக்கிறேன். மரத்துப்போன உதடு அதிராது. அதிராத உதட்டில் எத்தனை மணி நேரம் ஊதினாலும் தவறான பழக்கம்தான் ஊறும்.

மூன்று கேள்விகள். வால்வுக்கு என்ன எண்ணெய் விடுகிறீர்கள்? தண்ணீர் வடிக்கும் சின்னச் சாவியை விரலால் இறுக அழுத்திக்கொண்டு ஊதினால் ஒலி மாறுகிறதா? வால்வு எதையும் அமுக்காமல் இரண்டாவது வால்வின் குழாயை உருவினால் 'டப்' என்று சத்தம் வருகிறதா?

காட்பாடி வாசி:

ஐயா, உடனே பார்த்துவிட்டேன். தேங்காய் எண்ணெய்தான் விடுகிறேன். சாவியை அழுத்திக்கொண்டு ஊதினால் ஒலி தெளிவாகிறது! 'டப்' சத்தமும் நன்றாக வருகிறது.

குடியாத்தம் பேண்டுக்காரர்:

அப்படியானால் பாதிக் குறை கருவியில்தான். 'டப்' வருவதால் வால்வு தேயவில்லை, மகிழ்ச்சி. சாவியின் அடியிலுள்ள தக்கை தேய்ந்து காற்று கசிகிறது. வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் சிறிது நேரத்தில் மாற்றித் தருவார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். தை மாத விடியலில் பாலாற்றில் குளிர் அதற்கும் கீழே இறங்கிவிடும், வால்வு ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? வால்வுகளைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து கழுவுங்கள். மேலேயுள்ள கம்பளித் துண்டு நனையக் கூடாது. கொதிநீர் வேண்டாம், மேல்பூச்சு உரிந்துவிடும். நன்கு துடைத்து, வால்வு எண்ணெய் என்றே விற்பதை நாலைந்து சொட்டு விடுங்கள். ஒவ்வொரு வால்விலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். அதனதன் அறையில் இறக்கி, 'கிளிக்' என்று பொருந்தும் வரை திருப்புங்கள். மாறிப் போட்டால் காற்றே போகாது.

இனி மறுபாதி. நீங்கள் ஊதும் இடம்தான் உங்களைக் கெடுக்கிறது. பாலாற்று மணல்வெளியில் ஒலி போனது போனதுதான், திரும்பி வராது. காதுக்கு எட்டாததால் இன்னும் பலமாக ஊதுகிறீர்கள்; பலம் போதாதபோது கை கருவியை உதட்டுக்குள் தள்ளுகிறது. அழுத்தினால் உதட்டில் ரத்த ஓட்டம் குறையும், அதிர்வு நிற்கும். வீட்டில் துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதற்குள் பார்த்து மெல்ல ஊதுங்கள். குழந்தையும் விழிக்காது, உங்கள் ஒலி உங்களுக்கே கேட்கும்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். டிரம்பெட்டின் சுருளை நீட்டினால் ஏறக்குறைய 1.48 மீட்டர். அந்த ஒரே குழாயில், விரல் எதையும் அமுக்காமல், 'ச', 'ப', மேல் 'ச' மூன்றும் வரும். மாறுவது காற்றின் வேகமும் உதட்டின் இறுக்கமும் மட்டும். 'ம்' என்று சொல்லி வாயோரங்களை உறுதியாக வையுங்கள், கன்னம் உப்ப வேண்டாம். நாதஸ்வரத்தில் துத்துகாரம் என்பார்களே, அதுபோல 'தூ' என்று நாக்கால் தொடங்குங்கள். மேலே போகும்போது நாக்கின் நடுப்பகுதி 'தீ' என்பதுபோல உயரட்டும். வலக்கைச் சுண்டுவிரலை, அதற்கென்று கருவியின் மேலுள்ள கொக்கியிலிருந்து எடுத்து, கொக்கியின் மேலே வையுங்கள். உங்களை அறியாமல் இழுத்து அழுத்துவது அந்த விரல்தான்.

தினம் பதினைந்து நிமிடமாக இரண்டு முறை போதும். 'ப'வை மெல்லிய நூல்போல எட்டு எண்ணிக்கை பிடியுங்கள். எவ்வளவு நேரம் ஊதினீர்களோ அவ்வளவு நேரம் கருவியை இறக்கி வையுங்கள். மேல் 'ச'வை ஒரு வாரம் மறந்துவிடுங்கள்.

சத்துவாச்சாரி பாடகர் குழு அக்கா:

தம்பி, கீபோர்டு விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். குறை யாரிடமும் இல்லை. பி-பிளாட் டிரம்பெட்டில் 'சி' என்று எழுதியதை ஊதினால் கீபோர்டின் பி-பிளாட்தான் ஒலிக்கும். ஆகவே நீங்கள் எப்போதும் ஒரு முழுச் சுரம் உயர்த்தி வாசிக்க வேண்டும். பாட்டு கீபோர்டில் எஃப் என்றால் உங்களுக்கு ஜி. தொடக்கத்தில் இது தலை சுற்றும். அதுவரை கீபோர்டுக்காரரிடம் டிரான்ஸ்போஸ் பொத்தானை மைனஸ் இரண்டில் வைக்கச் சொல்லுங்கள், இருவரும் ஒரே தாளைப் பார்த்து வாசிக்கலாம். ஆனால் பாடுகிறவர்களுக்கும் சுருதி இறங்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த கருவியின் சுருதி தாழ்ந்திருக்கும். ஆராதனைக்கு முன் ஐந்து நிமிடம் உள்ளே வெறும் காற்றை ஊதிச் சூடேற்றிய பிறகே சுருதி சேருங்கள்.

காட்பாடி வாசி (மூன்று வாரம் கழித்து):

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. தக்கை மாற்றினேன், காற்றுச் சத்தம் பெருமளவு போய்விட்டது. பீரோவுக்குள் ஊதிய முதல் நாள்தான் என் ஒலி எவ்வளவு முரடாக இருந்தது என்று கேட்டேன். மனம் உடைந்தது. ஆனாலும் தொடர்ந்தேன். நேற்று மாலை, அழுத்தாமல், மேல் 'ச' வந்தது. நான்கு எண்ணிக்கைதான் நின்றது, ஆனால் சுத்தமாக நின்றது. வளையம் அரை மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது.

புதிய சந்தேகம்: கீழ் 'ச'வுக்கு அடுத்த 'டி', ஒன்றும் மூன்றும் சேர்த்து அமுக்குவது, எப்போதும் சுருதி கூடியே ஒலிக்கிறது. அங்கேயும் நான் அழுத்துகிறேனா?

குடியாத்தம் பேண்டுக்காரர்:

இல்லை தம்பி, அது டிரம்பெட்டின் பிறவிக் குணம். முதல் வால்வு ஒரு சுரம் இறக்கும், மூன்றாவது ஒன்றரை. தனித்தனியே அளவு சரி. இரண்டும் சேரும்போது குழாய் ஏற்கெனவே நீண்டுவிட்டதால் கூடுதல் நீளம் கொஞ்சம் போதாமல் போகிறது. மூன்றாவது வால்வின் குழாயில் ஒரு வளையம் இருக்கும். இடக்கை விரலை அதில் நுழைத்து, 'டி' ஊதும்போது ஓர் அங்குலத்துக்குக் குறைவாக வெளியே தள்ளுங்கள். மூன்றையும் அமுக்கும் சி-ஷார்ப்புக்கு இன்னும் கொஞ்சம். குழாய் இறுகியிருந்தால் பலவந்தமாக இழுக்காதீர்கள், முதலில் கிரீஸ் தடவுங்கள்.