ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசப் பரிசோதனை: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர்களே, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியாத்தத்தில் இருக்கிறோம். மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். வீட்டிலிருந்து பேருந்து நிலையம் வரைக்கும் உள்ள மின்கம்ப எண்களை வரிசை மாறாமல் ஒப்பிப்பான். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் விளையாடக் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்பான். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மேளச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். பள்ளியில் அவனைத் திமிர் பிடித்தவன் என்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பெர்கராக, அதாவது பேச்சும் அறிவும் நன்றாக இருந்தும் மற்றவர்களோடு பழகுவது கடினமாக இருக்கும் நிலையாக, இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னார். 2013 முதல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் அது ஆட்டிசம் என்ற பெரிய வகைக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முறையான பரிசோதனை வேண்டும்.

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் குழந்தைகளுக்காக உள்ள நம்பிக்கை நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முன்பதிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையா? பெற்றோரும் உடன் தங்க வேண்டுமா? நெசவுக் கூலியில் குடும்பம் நடத்துகிறோம், செலவைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கிறது. நன்றாகப் பேசுகிற, படிக்கிற பிள்ளைக்கும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைத்ததா? அதைக் காட்டிய பிறகு பள்ளியின் நடத்தை மாறியதா?

தங்களுக்கு ஆட்டிசம் இருப்பதை வளர்ந்த பிறகு அறிந்துகொண்டவர்கள் இருந்தால் நீங்களும் எழுதுங்கள். என் மகனின் வயதில் உங்களுக்கு எது உதவியாக இருந்தது என்று உங்களிடமே கேட்க ஆசைப்படுகிறேன். அவனை மாற்ற வேண்டாம், அவனைப் புரிந்துகொள்ள வேண்டும் எனக்கு.