10 பசங்க, அரை மைதானம்: ஷாட்டே வரமாட்டேங்குது

இடதுகால்: கால்பந்துப் பயிற்சி, 12 வயசுக்குட்பட்டவங்க. கீப்பரோட 5-க்கு 5 விட்டா நடுவுலயே பந்து சுத்துது. என்ன மாத்தலாம்?

பழைய கோச்: களம் பெருசு. 20 மீட்டர் நீளம், 18 அகலம் போதும். எங்கிருந்தும் கோல் தெரியணும். 2 கீப்பர், உள்ளே 3-க்கு 3. மீதி ரெண்டு பேர் கோல் கம்பத்துக்குப் பக்கத்துல ஆளுக்கொரு முனையில நின்னு, வர்ற பந்தை ஒரே தொடுகையில திருப்பித் தரணும். ஓடி வந்து அடிக்கிற ஷாட் அப்படித்தான் கிடைக்கும்.

வலைக்காவலன்: கோலுக்குள்ள 6 பந்து வைங்க. வெளியே போனதும் கீப்பர் அடுத்ததை உருட்டணும். ஒரு சுற்று 90 விநாடிக்கு மேல வேண்டாம்; களைச்சா உடம்பு பின்னால சாயும், பந்து கம்பிக்கு மேல பறக்கும்.

இடதுகால்: ஒருத்தர் பந்தை இத்தனை தடவைதான் தொடலாம்னு வரம்பு வைக்கலாமா?

பழைய கோச்: இப்போ வேண்டாம், திணறுவாங்க. வந்த பந்தை முதல் தொடுகையிலேயே அடிக்கிற கோலுக்கும், ரீபவுண்ட் (கீப்பர் மேலயோ கம்பத்துலயோ பட்டுத் திரும்பி வர்ற பந்து) கோலுக்கும் 2 புள்ளி குடுங்க.