மாட்டுக்குப் பிடிக்காத தொப்பி

காதுவில்லைக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

இங்கே தென் ஆப்பிரிக்காவில் பண்ணை பண்ணையாகப் போய், அடையாளத்துக்காக மாட்டின் காதில் மாட்டும் காதுவில்லை, உண்ணி மருந்து, கன்றுக்குப் பால் ஊட்டும் புட்டி இவற்றை விற்பது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடம் முன்பக்கம் மட்டும் நிழல் தரும் துணித் தொப்பியோடு ஓட்டிவிட்டேன். போன கோடையில் காது நுனியில் ஆறாத புண் ஒன்று வந்தது. மருத்துவர் அதை வெட்டி எடுத்துவிட்டு, "காதும் பிடரியும் மறைகிற மாதிரி சுற்றிலும் விளிம்பு வைத்த தொப்பி போடுங்கள்" என்றார். நம் கறுப்புத் தோலுக்கு இதெல்லாம் வராது என்று மமதையாக இருந்தவன் நான்.

அன்று மாலையே வாங்கினேன். நான்கு விரற்கடை விளிம்பு, பளீரென்ற வெள்ளை, கௌபாய்கள் போடுகிற வகை. ஸ்டெட்சன் என்பவர் 1865இல் பிலடெல்பியாவில் அந்தத் தொப்பியைச் செய்து விற்க ஆரம்பித்தாராம். வெயிலுக்கு நிழல், மழைக்குக் கூரை என்று மாட்டுக்காரனுக்காகவே செய்ததைத்தானே வாங்கியிருக்கிறோம் என்று எனக்குப் பெருமை. கண்ணாடியில் பார்த்தபோது என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதிலேயே நான் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும்.

மறுநாள் மூய் ரிவர் பக்கம் ஒரு பண்ணையில் நாற்பது கிடாரிகளுக்குக் காதுவில்லை மாட்ட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக மாடு வருகிற குறுகிய தடம், அதன் முனையில் நான். முதல் கிடாரி பாதி தூரம் வந்து, காலை ஊன்றி, தலையைத் தாழ்த்தி என்னைப் பார்த்து நின்றுவிட்டது. பின்னால் வந்தவை அதன்மேல் மோதின. அங்கே மாடு பார்க்கும் பெரியவர் ஒருவர், அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், ஜூலு. நான் அவரை பாபா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மாட்டைப் பார்க்கவே இல்லை. என் தலையைப் பார்த்து, "இசிகொக்கோ" என்றார். தொப்பி.

சரி என்று கழற்றிப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டினேன். காற்று அடித்தது, விளிம்பு படபடத்தது. இப்போது நாற்பதும் நின்றன! பெரியவர் வந்து தொப்பியை எடுத்துக்கொண்டுபோய் என் வண்டிக்குள் வைத்து, கண்ணாடியையும் ஏற்றிவிட்டு வந்தார். கிடாரிகள் கோயில் வரிசை மாதிரி நடந்து வந்தன.

காரணம் புரியாத விஷயமில்லை. மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. நேர் பின்புறம் தவிர ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், ஆனால் ஆழம் சரியாகத் தெரியாது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடும் சட்டென்ற அசைவும்தான் அதன் கண்ணில் முதலில் குத்தும். இவ்வளவும் எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன். என் தலையில் இருப்பதைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் தம் ஊருக்கு அழைத்துப் போனார். வீட்டின் நடுவே முள்வேலி போட்ட மாட்டுத் தொழுவம். இசிபாயா என்பார்கள். முன்னோர் அங்கே இருக்கிறார்கள் என்பது நம்பிக்கை. வாசலில் பெரியவர் தம் கிழிந்த தொப்பியைக் கழற்றி வேலிக் குச்சியில் மாட்டினார். நானும் கழற்றினேன். தலையில் துணி கட்டிய மருமகள் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அவர் உள்ளே வருவது வழக்கமில்லை. ஓர் ஆள் மாட்டுக்காகத் தொப்பியைக் கழற்றுவதை இரண்டாவது முறையாக அன்று பார்த்தேன். காரணம்தான் வேறு.

இன்னொன்று. இசிகொக்கோ என்று நான் எழுதுவது பாதிச் சொல்தான். நடுவில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்டொக்' என்று விடுகிற ஒலி ஒன்று உண்டு. நம் ஊரில் வண்டிமாட்டை ஓட்டுகிறவர்கள் போடும் அதே சத்தம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

---

சாட்ஸ்வொர்த் பேத்தி:

அண்ணா, என் தாத்தா உங்கள் தொப்பியைப் பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பார். டர்பனில் கேட்டோ மேனரில் எங்களுக்குக் காய்கறித் தோட்டமும் இரண்டு பசுக்களும் இருந்தன. அவர் தலையில் எப்போதும் நாலு முழத் துண்டு. அழுக்கு நிறம் என்று ஒரு நிறம் உண்டென்றால் அதுதான்.

கையால் பால் கறந்தவர்களுக்குத் தெரியும், விளிம்பு வைத்த எதையும் போட்டுக்கொண்டு கறக்க முடியாது. நெற்றியைப் பசுவின் விலாவில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் கறக்க வேண்டும். அது சாய்ந்துகொள்ள மட்டும் இல்லை. பசு உதைக்கப் போகிறது என்றால் காலுக்கு முன்னால் வயிற்றுத் தசை இறுகும், அது முதலில் நெற்றிக்குத் தெரியும். தாத்தா என்னை ஒருமுறை அப்படிச் சாய்த்து வைத்து, "கேக்குதா?" என்றார். எனக்கு உள்ளே என்னவோ குடுகுடுவென்று ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

அந்தத் துண்டு கன்றைக் கட்டும், புல்லுக்கட்டுக்குச் சும்மாடு ஆகும், வாழைத்தார் சுமக்கும், தூங்கும்போது கொசுவுக்கு முகம் மூடும். பொங்கலுக்கு மறுநாள் மட்டும் வெளுத்து மஞ்சளில் நனைத்துப் பெரிய பசுவின் கொம்பில் கட்டுவார். அன்று ஒரு நாள் முழுக்க அவர் தலை வெறுமையாக இருக்கும். இங்கே தை மாதம் நல்ல கோடை, மண்டை காயும். இருந்தாலும் வேறு துணி கட்டமாட்டார். மழை வந்தால் சணல் சாக்கின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் மடித்துச் செருகித் தலையோடு முதுகையும் மூடிக்கொள்வார். ஆயா அதைக் கொங்காணி என்பார்.

இன ஒதுக்கல் சட்டத்தில், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு எங்களைத் தள்ளியபோது எனக்கு ஏழு வயது. வரிசை வீடு, மாட்டுக்கு இடமில்லை. பசுக்களை விற்றுவிட்டோம். அதன் பிறகும் விடியற்காலை நாலு மணிக்குத் தாத்தா எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசல்படியில் உட்கார்ந்திருப்பார்.

---

நாமக்கல்லான், அண்டர்பர்க்:

அக்கா, கொங்காணி என்ற சொல்லை இந்த நாட்டில் படிப்பேன் என்று நினைக்கவே இல்லை. என் அப்பா அதை மாட்டிக்கொண்டு மழையில் எருமை ஓட்டிவந்தது கண்ணில் நிற்கிறது. நன்றி.

நான் கால்நடை மருத்துவன், இங்கே வந்து ஆறு வருடம். சானி கணவாய் வழியாகப் பக்கத்து நாடான லெசோத்தோவுக்கு ஒரு ஜூலை மாதம் ஏறினேன். உச்சி 2,876 மீட்டர். மேலே பனி கொட்டிக்கிடந்தது. அந்தப் பனியில் மாடும் ஆடும் மேய்த்துக்கொண்டு ஒரு பையன், பதினாலு வயதுதான் இருக்கும். கம்பளிப் போர்வையைத் தோளில் ஊசி குத்திப் போர்த்தியிருந்தான், காலில் ரப்பர் பூட்ஸ், முகத்தில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லா. அந்நாட்டு மக்களான பசோத்தோக்கள் என்றால் தலையில் கூம்புத் தொப்பி இருக்கும் என்று படத்தில் பார்த்து நம்பிப் போனவன் நான். கேட்டேன், "உன் மொகொரொட்லோ எங்கே?" அவன் சிரித்ததில் குல்லாவின் வாய்ப்பகுதி நனைந்தது. எங்களோடு வந்த ஓட்டுநர்தான் மொழிபெயர்த்தார்: "புல்லில் பின்னிய தொப்பி காதை மூடுமா என்று கேட்கிறான்."

ஒரு எச்சரிக்கை. அந்தக் கம்பளிக் குல்லாவுக்கு நம் ஊரில் ஒரு விலங்கின் பெயரைச் சொல்லித்தான் பழக்கம். வந்த புதிதில் பண்ணையில் ஒருவரிடம் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் அந்தச் சொல்லால் யாரை யார் எத்தனை காலம் திட்டியிருக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எதிரே இருந்தவரின் முகம் மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் என்னோடு பேசினார்.

---

பழைய கடைக்காரன், இக்ஸோபோ:

தம்பி, அந்தக் குல்லாவை நாற்பது வருடம் விற்றவன் நான். கூம்புத் தொப்பி விழாவுக்கும் பெருமைக்கும். அதைத்தான் 2006இல் லெசோத்தோ கொடியின் நடுவிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்குள்ள தாபா போசியு மலைக்குப் பக்கத்தில் உள்ள கிலோவானே மலையின் வடிவம் அது என்று சொல்வார்கள். வெயில் காலத்தில் பெரியவர்கள் போடுவார்கள், பனியில் யார் போடுவார்?

எங்களுக்கு வியாபாரம் என்றால் மாட்டுக் குளியல் நாளில்தான். 1900களின் தொடக்கத்தில் உண்ணியால் பரவும் கிழக்குக் கரைக் காய்ச்சல் வந்து மாடுகளைக் கொன்று குவித்ததிலிருந்து மருந்துத் தொட்டியில் மாட்டை முக்குவது கட்டாயமாகிவிட்டது. முன்காலத்தில் அதில் ஆர்செனிக். மாடு தொட்டியில் குதிக்கும்போது தெறிக்கிறது பாருங்கள், அது கண்ணில் விழாமல் இருக்க அகல விளிம்பு வேண்டும். நாலு முறை தெறித்தால் விளிம்பு விறைத்துப்போகும். ஆகவே மலிவான தொப்பியாகக் கேட்பார்கள். காதுவில்லைக்காரர் வாங்கியதைப் போல ஒன்றை என் கடையில் மூன்று வருடம் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தேன். பார்க்காத ஆள் இல்லை, வாங்கிய ஆளும் இல்லை.

பழைய ஜூலு ஆண்களின் தலைவளையம் தெரியுமா? தலைமுடியோடு சேர்த்துத் தைத்து, மெழுகும் பிசினும் பூசிப் பளபளவென்று தேய்த்த கறுப்பு வளையம். அரசர் ஒரு படைப்பிரிவுக்குத் திருமணம் செய்துகொள்ள அனுமதி தந்த பிறகே அதை அணியலாம். அதை ஒரு பழைய புகைப்படத்தில் பார்த்து என் அம்மா, "இந்த ஆள் எதைச் சுமக்கப் போகிறான்?" என்று கேட்டாள். சும்மாடு என்று நினைத்துவிட்டாள். திருமணமான பெண்கள் அணிகிற செம்மண் நிற அகலத் தொப்பி இசிச்சோலோ. அதில் வரும் 'ச்' நாம் உச்சுக் கொட்டுகிற ஒலி.

---

சனிக்கிழமைத் தமிழாசிரியை, டர்பன்:

தொப்பியைக் கழற்றுவது பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 1894இல் பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி, நம் தமிழர், முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு டர்பனில் காந்தியிடம் வந்தார். தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனால் தொப்பியோ தலைப்பாகையோ துண்டோ எதுவானாலும் கழற்ற வேண்டும் என்பது ஒப்பந்தத் தொழிலாளிகள்மேல் சுமத்தப்பட்ட வழக்கம். காந்தியிடமும் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். காந்தியோ முந்தைய ஆண்டுதான் தலைப்பாகையைக் கழற்றச் சொன்ன டர்பன் நீதிமன்றத்திலிருந்து வெளியேறியவர். துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயக்கத்தோடு கட்டிக்கொண்டாலும் பாலசுந்தரத்தின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாகக் காந்தி எழுதியிருக்கிறார். சாட்ஸ்வொர்த் அக்காவின் தாத்தா பசுவுக்காகத் தலைத்துண்டை அவிழ்த்ததைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

---

காதுவில்லைக்காரன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

எல்லாருக்கும் நன்றி. கடைக்கார ஐயா, மூன்று வருடம் யாரும் வாங்காத தொப்பி எனக்குத்தான் விதித்திருந்தது போலிருக்கிறது.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொப்பியைப் பெரியவருக்கே கொடுத்துவிட்டேன். வாங்கிய கையோடு அதைத் தொழுவத்துச் சாணிக் குட்டைக்குக் கொண்டுபோய் மிதித்து அமுக்கினார். என் வயிறு எரிந்தது. அடுத்த மாதம் போனபோது அது காய்ந்து, பழுப்பாகி, விளிம்பு அசையாமல் விறைத்து அவர் தலையில் இருந்தது. தாடையில் கட்ட வண்டிக் கயிறு ஒன்றும் கோத்திருந்தார். தடத்தின் முனையில் அவர் நின்றார். மாடுகள் அவரை ஏறிட்டும் பார்க்காமல் தாண்டிப் போயின. நான் பழைய துணித் தொப்பியில், காதில் களிம்பு பூசிக்கொண்டு நின்றேன். அவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டி, "இப்போது வேண்டுமா?" என்றார்.

வாங்கிப் போட்டுக்கொண்டேன். நாற்றம் தாங்கவில்லை. முதல் கிடாரி என் முழங்கையை முகர்ந்துவிட்டு நடந்தது.